கால் ஓடுகிற வரை கிளப், அப்புறம்?

கேள்வி: மகனுக்கு 21 வயது. வ.உ.சி. மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்தவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலை வந்திருக்கிறது. கொல்கத்தா கிளப் ஒன்றில் 9 மாதத்துக்கு 6 லட்சம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அதற்கு முன்பணம் 40,000 கேட்கிறார். மனைவி நகையை அடகு வைக்கலாமா? வேலையை விட்டுவிடலாமா?
- பாளையங்கோட்டை வாசகர்

பதில்: அண்ணாச்சி, முதலில் நகையை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஏஜென்ட் கமிஷன் என்பது ஒப்பந்தப் பணம் கைக்கு வந்தபின் அதிலிருந்து கொடுப்பது. கையெழுத்துக்கு முன்னாலேயே காசு கேட்கிறவரை நம்ப வேண்டாம். கிளப் அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டு விசாரியுங்கள்.

சரி, வேலை. முதல் வருடம் கிளப் பணம்தான் அதிகம், மறைக்கவில்லை. காவலருக்கு அடிப்படைச் சம்பளம் 18,200. மேலே அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. கிளப்பில் மாதம் 66,000 சொச்சம். ஆனால் மீதி 3 மாதம் வருமானம் இல்லை. வாடகை, சாப்பாடு, பூட்ஸ் எல்லாம் அவன் தலையில் விழலாம். அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவார்களா என்பது முழங்காலைப் பொறுத்தது. அரசு வேலை 60 வயது வரை; இன்னும் 39 வருடம்.

கால்பந்து வீரர் ஐ.எம். விஜயனைப் பாருங்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன், பதின்வயதிலேயே கேரளப் போலீஸ் அணிக்குப் போனார். நடுவில் கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்புக்குப் போனார், இந்திய அணிக்குக் கேப்டன் ஆனார், சினிமாவிலும் தலைகாட்டினார். ஆடி ஓய்ந்த பின் திரும்பி வந்தது போலீஸ் வேலைக்குத்தான். பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட 2025-லேயே காவல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1962 ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன் சூனி கோஸ்வாமி 27 வயதிலேயே சர்வதேச ஆட்டத்தை விட்டுவிட்டார். அவருக்கும் கைவசம் ஸ்டேட் வங்கி உத்தியோகம் இருந்தது. கேப்டன்களே இப்படி ஒரு பிடிமானம் வைத்திருந்தார்கள்.

அதனால் வேலையில் சேரட்டும். காவல் துறை அணியில் ஆடட்டும். பிறகு உண்மையான அழைப்பு வந்தால், விடுப்போ அனுமதியோ எழுத்தில் வாங்கிக்கொண்டு போகலாமா என்று துறையில் கேட்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு காலத்தில் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், பந்தோடு ஓடிய ஆசை உண்டு, அந்த வயசுப் பையன் முகம் சுருங்கும் என்று தெரியும்.

இன்னொன்று: விபத்துக் காப்பீடு எடுக்கும்போது, தொழில்முறை ஆட்டத்தில் அடிபட்டால் பணம் தருவார்களா என்று படித்துப் பாருங்கள். சில பாலிசிகளில் கிடையாது. ஏஜென்ட் காட்டிய ஒப்பந்தத் தாளின் நகல் இருந்தால், காயம்பட்ட மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்ற பத்தியை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.