பேட்ச் வரும்வரை என்ன செய்வது?

கேள்வி: விண்டோஸில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள், அதை வைத்துத் தாக்குதலும் தொடங்கிவிட்டது, அதை அடைக்கிற திருத்தமான பேட்ச் மட்டும் இன்னும் வரவில்லை என்று அடிக்கடி செய்தி வருகிறது. அதுவரை கம்ப்யூட்டரை அணைத்து வைக்கவா முடியும்? என்னைப் போன்ற சாதாரண ஆள் என்னதான் செய்வது?

பதில்: அணைத்து வைக்க வேண்டாம். அந்தச் செய்தியை இன்னொரு முறை நிதானமாகப் படித்து இரண்டே விவரத்தைத் தேடிப் பிடியுங்கள்: ஓட்டை எந்தப் பகுதியில் இருக்கிறது, தாக்குபவர் எந்த வழியாக உள்ளே வருகிறார். ஓட்டையை அடைக்க நம்மால் ஆகாது, ஆனால் அதற்குப் போகிற வழியை மறிக்கலாம். பல நேரம் பேட்சுக்கு முன்பே மென்பொருளைத் தயாரித்த நிறுவனம் தன் பாதுகாப்பு அறிவிப்பில் ஒரு தற்காலிக வழியைச் சொல்லிவிடும், செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு வரியாகக் கிடக்கும் அதுதான் உங்களுக்கு வேண்டியது.

2022 மே மாதக் கடைசியில் வெளியே வந்த ஃபோலினா ஓட்டையைப் பாருங்கள். மின்னஞ்சலில் ஒரு வேர்டு கோப்பு வரும். அதில் மேக்ரோ (கோப்புக்குள்ளேயே இருந்து ஓடுகிற சிறு நிரல்) எதுவும் இருக்காது, அதனால் மேக்ரோவை முடக்கி வைத்திருந்தவர்களுக்கும் பாதுகாப்பில்லை. கோப்பு இணையத்திலிருந்து ஒரு பக்கத்தை இழுக்கும், அந்தப் பக்கம் அப்போது விண்டோஸோடு வந்த எம்.எஸ்.டி.டி. என்ற பழுதறியும் கருவியைக் கூப்பிடும், அந்தக் கருவி தாக்குபவர் கொடுத்த கட்டளையை அப்படியே ஓட்டிவிடும். கோப்பு ஆர்.டி.எஃப். வடிவில் இருந்தால் அதைத் திறக்கக்கூட வேண்டாம், எக்ஸ்புளோரரில் ப்ரிவியூ பகுதி தெரிகிற மாதிரி வைத்திருந்தால் போதும். பேட்ச் வந்தது ஜூன் 14-ஆம் தேதி. அதுவரைக்கும் மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி, வேர்டுக்கும் அந்தக் கருவிக்கும் நடுவில் இருக்கும் இணைப்பை, அதாவது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) உள்ள ஒரே ஒரு கீயை, அதாவது பதிவை, எடுத்துவிடுவது. எடுப்பதற்கு முன் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், பேட்ச் வந்தபின் அதையே திரும்ப இம்போர்ட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்த எக்ஸ்போர்ட்டைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

எந்த ஓட்டையாக இருந்தாலும் உதவுகிற வேலைகளும் சில உண்டு. அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஃபோலினா வழியாக வந்தவருக்குக் கிடைத்தது கோப்பைத் திறந்தவரின் உரிமை மட்டும்தான். நீங்கள் அட்மினாக இருந்தால் அவரும் அட்மின். அப்புறம் பேக்கப். அதை எடுத்து முடித்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும், செருகியபடியே இருந்தால் உள்ளே வந்தவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

கேள்வி: 2021-இல் ஒரு ஓட்டைக்காக, அச்சு வேலைகளைப் பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் அச்செடுக்கவே முடியாதே சார்? இது என்ன தீர்வு?

பதில்: நியாயமான கேள்வி. பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் வாங்கிய அந்த ஓட்டை கொஞ்சம் வேறு மாதிரி. சாதாரணக் கணக்கு ஒன்றின் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருந்தாலே ஸ்பூலர் வழியாக முழு அதிகாரத்தையும் பிடித்துவிடலாம், அதனால் அட்மின் அல்லாத கணக்கு இங்கே காப்பாற்றாது. சர்வீசஸ் ஜன்னலைத் திறந்து, பிரிண்ட் ஸ்பூலரை இருமுறை கிளிக் செய்து, ஸ்டாப் அழுத்தி, ஸ்டார்ட்அப் டைப்பை டிசேபிள்டு என்று மாற்ற வேண்டியிருந்தது. டிசேபிள்டு என்று மாற்றாமல் விட்டால் அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போடும்போது அது தானாக எழுந்துவிடும். நீங்கள் சொல்வது சரிதான், அச்சு நிற்கும், பி.டி.எஃப். ஆக பிரிண்ட் கொடுப்பதும்கூட நிற்கும். அச்சு கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் மைக்ரோசாஃப்ட் அறிவிப்பிலேயே இருந்தது: குரூப் பாலிசியில் (விண்டோஸ் எதை அனுமதிக்கலாம் என்று விதிக்கும் அமைப்பு) வெளியிலிருந்து வரும் பிரிண்ட் இணைப்புகளை மட்டும் தடுத்துவிட்டு ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்வது. அந்தக் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகிய பிரிண்டர் வேலை செய்யும். விண்டோஸின் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது என்பதால், அதை வைத்திருப்பவர்கள் அச்செடுக்கும் நேரத்துக்கு மட்டும் ஸ்பூலரை இயக்கிவிட்டு மறுபடி நிறுத்தலாம். எதை மாற்றினீர்கள் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். என் நண்பர் ஒருவர் ஸ்பூலரை நிறுத்தியதை மறந்துபோய், பல வாரம் கழித்துப் பிரிண்டர் பழுது என்று புதிதாக ஒன்று வாங்குகிற அளவுக்குப் போய்விட்டார்.

கேள்வி: நிறுவனம் தாமதிக்கும்போது வேறு யாரோ எழுதிய பேட்ச் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: பொதுவாக வேண்டாம். விதிவிலக்கு ஒன்று நடந்திருக்கிறது. 2005 டிசம்பர் கடைசியில் டபிள்யூ.எம்.எஃப். படக்கோப்பு ஓட்டை வந்தபோது, நிரல்களைப் பிரித்துப் பார்க்க உதவும் ஐ.டி.ஏ. டிஸ்அசெம்ப்ளரை எழுதிய இல்ஃபாக் கில்ஃபானோவ் தானே ஒரு பேட்ச் எழுதிக் கொடுத்தார், கணினிப் பாதுகாப்பு அமைப்பான சான்ஸ் நிறுவனத்தின் வல்லுநர்கள் அதைச் சோதித்துப் பார்த்துப் பரிந்துரைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் தன் பேட்சை வெளியிட்டது 2006 ஜனவரி 5-ஆம் தேதி. எழுதியவர் யார் என்று தெரிந்து, நம்பகமான ஆட்கள் அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் மக்கள் அதைப் போட்டார்கள். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வருகிற 'அவசரப் பேட்ச்' லிங்க்கில் இந்த இரண்டுமே இருக்காது, பயத்தைப் பயன்படுத்தி வைரஸை நுழைக்க இதைவிட வசதியான சமயமும் மோசடிக்காரர்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: பேட்ச் வந்த உடனே போட வேண்டுமா, ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: ஒரு மாதம் மிக அதிகம். பேட்ச் வெளியானதும் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் 2017 மே 12-ஆம் தேதி பரவியது, அது பயன்படுத்திய ஓட்டைக்கான பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. இடையில் 59 நாள். பேட்ச் ஏதாவது கோளாறு செய்யுமோ என்று பயந்தால் பேக்கப் எடுத்துவிட்டு இரண்டொரு நாளில் போட்டுவிடுங்கள், ரீஸ்டார்ட் கேட்டால் அதையும் அன்றைக்கே செய்யுங்கள், ஏனென்றால் ரீஸ்டார்ட் ஆகும்வரை பெரும்பாலும் ஓட்டையுள்ள பழைய கோப்புதான் ஓடிக்கொண்டிருக்கும்.