கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கலாமா?

கேள்வி: நாகர்கோவில் அருகே தனியார் பள்ளி ஆசிரியை நான். கணவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் 55,000 ரூபாய் வரும். சபைக்குத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, 5,500 தவறாமல் கொடுத்துவிடுவோம். கடை வியாபாரம் பெருக ‘விசுவாச விதை’ விதைக்கச் சொல்லி என் நாத்தனார் ஒரு டிவி ஊழியத்தில் எங்களைச் சேர்த்துவிட்டார். ஐந்து பவுனை ஃபைனான்ஸ் கம்பெனியில் அடகு வைத்து 1,50,000 அனுப்பினோம். வட்டி மாதம் 1.75 சதவீதம். 20 மாதமாக வட்டி மட்டும்தான் கட்டுகிறோம். அந்த ஊழியத்துக்கே மாதம் 3,000 பங்காளர் காணிக்கையும் போகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கிரெடிட் கார்டில் ஏறி 60,000 நிற்கிறது. மாமியாரின் கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போகிறது. இன்னும் 50,000 விதைத்தால்தான் ஆசீர்வாதம் என்கிறார் நாத்தனார். ஸ்மால்கேப் எஸ்ஐபி (சிறு நிறுவனப் பங்குகளில் போடும் ஃபண்டில் மாதாமாதம் பணம் கட்டுவது) போட்டால் வட்டியை ஈடுகட்டலாம் என்கிறார் சபையில் ஒரு தம்பி. என்ன செய்வது?

பதில்: அந்த 50,000 வேண்டாம். எஸ்ஐபியும் இப்போது வேண்டாம். கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு, எந்த உத்தரவாதமும் இல்லாத ஸ்மால்கேப்பில் பணம் போடச் சொல்பவர் கணக்கே போட்டுப் பார்க்கவில்லை.

சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தில் நான் கை வைக்கப் போவதில்லை. அது உங்கள் சம்பாத்தியத்திலிருந்து, மனமறிந்து கொடுப்பது. என் கவலை, இல்லாத பணத்தை வட்டிக்கு வாங்கிக் கொடுக்கும் பழக்கம்தான். நகைக்கு மாத வட்டி 2,625, பங்காளர் காணிக்கை 3,000. 20 மாதத்தில் 1,12,500 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கிறது. அசல் 1,50,000 அப்படியே நிற்கிறது.

தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறந்து ஆசீர்வதிப்பேன் என்று கடவுள் சொல்லும் மல்கியா 3:10-ஐ உங்கள் நாத்தனார் காட்டியிருப்பார். சரி, அந்தத் தசமபாகம் எதிலிருந்து வந்தது? லேவியராகமம் 27-ல் பாருங்கள்: நிலத்தின் விளைச்சல், மரங்களின் கனி, மந்தையின் ஆடுமாடு. எல்லாம் அறுத்துக் கையில் வந்தபின் கொடுத்தது. மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தைத் திக்கற்றவரும் விதவையும் பரதேசியும் சாப்பிட ஒதுக்கச் சொல்கிறது உபாகமம் 14. கொடுத்தால் பல மடங்காகப் பணம் திரும்பி வரும் என்ற இன்றைய ‘விதை’ப் போதனையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க டிவி சுவிசேஷகர் ஓரல் ராபர்ட்ஸ்; 1970-ல் அதைப் புத்தகமாகவே போட்டார். கொரிந்தியருக்கு எழுதிய பவுல், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே கொடுக்கச் சொன்னார் (2 கொரிந்தியர் 8:12).

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மாமியாரின் கண். மாற்கு 7-ஆம் அதிகாரத்தைத் தயவுசெய்து இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, காணிக்கையாகிவிட்டது என்று சொல்லி நிறுத்துகிறவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்று அங்கே இருக்கிறது. நாத்தனாருக்கும் அதையே காட்டுங்கள். அவரைப் பெற்ற தாயின் கண் அது.

இனி செய்ய வேண்டியது. பங்காளர் காணிக்கைக்கு வங்கியில் ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தால் இந்த வாரமே நிறுத்துங்கள். ஊழியத்திலிருந்து ஜெபிக்கப் போன் வரும், அப்புறம் பணப் பேச்சு வரும். ‘கடன் தீரும்வரை இல்லை’ என்று ஒரே பதிலைச் சொல்லுங்கள். நகையைப் பொதுத்துறை வங்கிக்கு மாற்றி 2,10,000 வாங்குங்கள். இன்றைய தங்க விலையில் ஐந்து பவுனுக்கு அது தாராளமாகக் கிடைக்கும். பழைய அடகையும் கார்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, கார்டை வீட்டில் வையுங்கள். வங்கி வட்டி வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்று வைத்தால் முதல் மாத வட்டி 1,750 ரூபாய்தான். இப்போது நகைக்கும் கார்டுக்கும் வட்டியாகப் போகும் 4,725, நிறுத்திய 3,000, ஆக 7,725 ரூபாயை மாதாமாதம் கட்டினால் ஏறக்குறைய 31 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். ஒரு வருடக் கடனாகத்தான் தருவார்கள் என்றால், அசலைக் குறைத்துக்கொண்டே புதுப்பியுங்கள்.

கண்புரைக்குக் காசு சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள். இந்த மாதமே அழைத்துப் போங்கள்.