ஏ-வை அழுத்தினால் பின்னால் போகிறது: கன்ட்ரோலரில் கோளாறா?

கேள்வி: எட்டாவது படிக்கும் மகன் லேப்டாப்பில் விளையாட, நேரு பிளேஸில் ஒரு கன்ட்ரோலர் வாங்கிக் கொடுத்தேன். திரையில் ஏ-வை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் மெனு பின்னால் போகிறது. எக்ஸ், ஒய் இரண்டும் இப்படியே இடம் மாறி வேலை செய்கின்றன. கோளாறு இல்லை என்று கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். புகார் கொடுக்கலாமா?
– வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: அவசரப்பட வேண்டாம், பொருள் நன்றாக இருப்பதாகவே தெரிகிறது. வலது கட்டைவிரல் படும் நான்கு பட்டன்களைப் பாருங்கள். வலப்பக்கம் ஏ, அடியில் பி, மேலே எக்ஸ், இடப்பக்கம் ஒய் என்று இருக்கிறதா? அது ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோவின் வரிசை. 1990-ல் வந்த சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவி முதல் அவர்களுக்கு அதுதான் வழக்கம். மைக்ரோசாஃப்டின் விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸில் ஏ அடியில், பி வலப்பக்கம், எக்ஸ் இடப்பக்கம், ஒய் மேலே. விண்டோஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ் வரிசையை வைத்தே செய்யப்படுகின்றன. பட்டன் மேல் அச்சாகியிருக்கும் எழுத்து விளையாட்டுக்குத் தெரியாது. எந்த இடத்தில் அழுத்தினீர்கள் என்பதுதான் கணக்கு. உங்கள் மகன் அழுத்தும் ஏ, எக்ஸ்பாக்ஸில் பி இருக்கும் இடம். அதனால்தான் மெனு பின்னால் போகிறது. அடியில் இருக்கும் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். மெனு முன்னே போனால் சந்தேகம் தீர்ந்தது.

சரி, என்ன செய்யலாம்? கம்ப்யூட்டர் விளையாட்டுகளை வாங்கி விளையாட உதவும் ஸ்டீம் செயலி வழியாக விளையாடினால், அதன் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதியில் நின்டெண்டோ வரிசைக்கென்றே ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் எழுத்தும் வேலையும் ஒத்துப்போகும். ஸ்டீம் இல்லையென்றால் அந்தந்த விளையாட்டின் செட்டிங்ஸில் பட்டன்களை மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலருடன் வந்த தாளையும் தூக்கிப் போடாமல் படியுங்கள். சிலவற்றில் இதை மாற்ற வழி கொடுத்திருப்பார்கள்.

புகார் விஷயம். குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் பட்டன் வரிசை வேறாக இருப்பது குறை ஆகாது. பெட்டியில் எக்ஸ்பாக்ஸ் வரிசை என்று அச்சிட்டுவிட்டு உள்ளே இதை வைத்திருந்தால் கதை வேறு. அப்போது பெட்டியையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். பில் கேட்டும் தராமல் விற்றிருந்தால் அதுவே தனிப் புகார்.

அடுத்த முறை கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, அடியில் இருக்கும் பட்டனைப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் என்றால் அங்கே ஏ இருப்பதை வாங்குங்கள்.