ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது, ஊர் காரிமங்கலம் பக்கம். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. மாதவிலக்குக்கு முன்னால் இரண்டு மார்பும் கனத்து வலிக்கும், அப்புறம் சரியாகிவிடும். போன வருடம் மாமியார் மார்புப் புற்றுநோயில் இறந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. எங்கள் மகளிர் குழுவுக்கு வந்த ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வேனில் ஓசூருக்குக் கூட்டிப்போய் மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம், புற்றுநோய் ரத்தப் பரிசோதனை எல்லாம் 3,500 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். அந்தக் கதிரே புற்றுநோயைக் கொண்டுவரும் என்கிறார் கணவர். போகலாமா?

பதில்: போக வேண்டாம். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏழெட்டு வாரத்தில் நம் உடம்பில் தானாகப் படுகிற கதிர் எவ்வளவோ, ஒரு மேமோகிராமில் படுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தொந்தரவு படம் எடுத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. உங்கள் வயதில் பலருக்கு மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால் வீண் சந்தேகம் நிறைய வரும். வெளிநாட்டு ஆய்வுகளைச் சேர்த்து அலசியவர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். அறிகுறியே இல்லாத 2,000 பெண்களைப் பத்து வருடம் இப்படிப் படம் எடுத்துப் பார்த்தால் ஒருவர் உயிர் தப்புகிறார். பத்துப் பேர் தேவையில்லாமல் நோயாளியாகி அறுவை வரை போகிறார்கள். இதை ஏற்காத நிபுணர்களும் உண்டு. அமெரிக்காவில் 2024 முதல் 40 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். அங்கே படத்தில் சந்தேகம் வந்தால் அடுத்து யாரிடம் போவது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கு அடுத்த வழியைக் காட்டப்போகிறவர் அந்த வேன்காரர்.

பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருவர் இப்படி ஒரு கவரோடு என்னிடம் வந்தார். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘பைராட்ஸ் 3’ என்று இருந்தது; படத்தில் எவ்வளவு சந்தேகம் என்று காட்டப் போடும் எண் அது. கூட்டிப்போனவர் அந்த 3-ஐப் பேனாவால் வட்டம் போட்டு, “மூணாவது ஸ்டேஜ்மா, உடனே பெங்களூர் போகணும்” என்றிருக்கிறார். கறவை மாட்டை விற்றாகிவிட்டது. பைராட்ஸ் 3 என்றால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி என்று அர்த்தம். நூறில் இரண்டு பேருக்குக்கூட அது புற்றுநோயாக இருக்காது. ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்டேஜ் வேறு, இந்த எண் வேறு. இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. மாடு திரும்பி வரவில்லை.

அந்த ரத்தப் பரிசோதனை இன்னும் மோசம். நோய் இருப்பது உறுதியானவர்களுக்கு மருந்து கேட்கிறதா என்று கவனிக்க உதவுவது அது. நல்ல உடம்போடு இருப்பவருக்கு எடுத்தால் நோய் இருந்தும் நார்மல் வரலாம், இல்லாமலே கூடுதலாக வரலாம்.

சரி, என்னதான் செய்வது? கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை. 30 வயதிலிருந்து இதைச் செய்ய வேண்டும் என்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் தொடர்ந்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்ததிலேயே, 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்புப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? “கட்டி இருக்கா? இல்லையா? சரி, கையெழுத்துப் போடுங்க.” பதிவேட்டில் டிக் விழுந்துவிடும், கை மார்பில் படாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதே பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்; பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது, இதற்கு மட்டும் ஒரு திரைச்சீலை போட்ட அறை கிடைப்பதில்லை. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: “தொட்டுப் பாருங்க சிஸ்டர்.” அக்குளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மாமியார் விஷயம். அவர் வெளிச் சம்பந்தமா, உங்கள் சொந்த அத்தையா? நீங்கள் எழுதவில்லை. நம் பக்கம் இதைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. வெளிச் சம்பந்தம் என்றால் அவருடைய நோய்க்கும் உங்கள் உடம்புக்கும் ரத்த வழியில் தொடர்பே இல்லை. கவனிக்க வேண்டியது உங்கள் நாத்தனாரையும், உங்களுக்கு மகள் இருந்தால் அவளையும். அப்பாவின் கூடப்பிறந்தவர் என்றால் கதை வேறு. இந்த நோய்க்கான மரபுக்கூறு அப்பா வழியாகவும் இறங்கும். அப்பாவுக்கு ஒன்றும் வராமலே உங்களுக்கு வந்து சேரலாம். அம்மா வழியை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளும் டாக்டர்கள் நிறையப் பேர். அத்தைக்கு 50 வயதுக்குள் வந்ததா, அப்பா வழியில் வேறு யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். ஆம் என்றால் நான் மேலே சொன்ன ‘வேண்டாம்’ உங்களுக்குப் பொருந்தாது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டி, மேமோகிராம் எப்போது தொடங்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

இரண்டு பக்கமும் வந்து, மாதவிலக்கோடு போய்விடும் வலி அநேகமாகப் புற்றுநோய் இல்லை. ஆனால் வலியே இல்லாத கட்டி, தோல் குழிவது, காம்பு புதிதாக உள்ளே இழுப்பது, ரத்தம் கசிவது, இதில் ஒன்று வந்தாலும் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். ஊசி போட்டுத் திசு எடுத்தால் நோய் பரவும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பரிசோதனைக்கு மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போங்கள், வலி குறைவாக இருக்கும். மாமியாரின் பழைய ஃபைல் பரணில் கிடந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.