திரும்பி வராத பாட்டில் (வாசகர் கடிதமும் பதிலும்)

அண்ணா வணக்கமுங்க,

கோபிக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல வேலை பாக்கறேனுங்க. எங்கூரு மாரியம்மன் நோம்பில பையனுக்கு ஆசையா ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடுத்தேன். பத்தாவது படிக்கறான். ஒரு வாய் குடிச்சுட்டு, சோப்புத் தண்ணியாட்ட இருக்குதும்மான்னு திருப்பிக் குடுத்துட்டான். ஆனா எந்தம்பி சுவிட்சர்லாந்துல இருந்து ரிவெல்லான்னு ஒரு பாட்டில் கொண்டாந்திருந்தான், பால் திரிஞ்ச தண்ணில செய்யற சோடாவாம், அதைப் பூராத்தையும் குடிச்சுட்டு இன்னும் இருக்குதான்னு கேக்கறான். நம்ம நாக்கே மாறிப்போச்சுங்களா? பெருந்துறைல கோலா கம்பெனியவே வரவிடாம பண்ணுன ஊருக்காரங்க நாம, நம்ம பசங்களுக்கு நம்ம சோடா புடிக்கலியே. தை மாசம் தங்கச்சி கல்யாணம் இருக்குது. வெல்கம் டிரிங்குக்கு நம்மூரு சோடா வெக்கலாம்னேன், வீட்ல ஒருத்தரும் ஒத்துக்கல. சுகர்காரங்க நெறையப் பேர் வருவாங்க, ஜீரோ சுகர் வெச்சாப் பரவால்லைங்களா? பேர் போட வேண்டாமுங்கண்ணா.

- ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்க கடுதாசி வந்தப்ப நான் இதையேதான் நெனச்சுட்டு இருந்தேன். தாராபுரம் ரோட்டுல ஒரு பேக்கரில கோலி சோடான்னு எழுதி வெச்சிருந்தான், வண்டிய நிறுத்தி வாங்குனா பிளாஸ்டிக் பாட்டில், உள்ள ஒரு கோலி. குடிச்சு முடிச்சுட்டு பழக்கத்துல கல்லாவுல கொண்டுபோய் வெச்சேன். கடைப் பையன் தொட்டியக் காட்டி அதுல போட்ருங்கங்கறான். கோலிய எப்படிரா கண்ணு குப்பைல போடறதுன்னு கேட்டா அவன் என்னை ஒரு மாதிரி பாக்கறான். அதுல இருந்தே மனசு ஆறல.

மொதல்ல பையன் பேச்சுக்கு வரேன். நாக்கு மாறிப்போச்சுன்னு இனி ஒருதடவை சொல்லாதீங்க. பத்தாவது படிக்கற பையன் பால் திரிஞ்ச தண்ணில செஞ்ச சோடாவ ருசிச்சுக் குடிக்கறான்னா அவனுக்கு நாக்கு நல்லாத்தான் இருக்குது. அந்த ஊர்ல சீஸ் செஞ்சு மிஞ்சற தண்ணியில 1952லேயே அதைச் செய்ய ஆரமிச்சுட்டாங்க, இன்னைக்கும் அந்த நாட்டுப் பானம்னா அதுதான். பன்னீர் சோடா சோப்பாட்டத் தெரியறதுக்குக் காரணம் மூக்கு. நம்ம வயசுக்காரங்களுக்கு ரோஜா வாசம்னா கல்யாண வீட்டு வாசப்படில பன்னீர்ச் செம்புல தெளிப்பாங்களே, அந்த வாசம். இப்ப எந்த மண்டபத்துல தெளிக்கறாங்க சொல்லுங்க. உங்க பையன் பொறந்ததுல இருந்து ரோஜா வாசத்தைக் குளிக்கற சோப்புலயும் ஷாம்புலயும்தான் மோந்திருக்கான். வாசத்தைப் பழக்கிவிடறது வீடு. அதைப் பண்ணாம விட்டது நாம, பையனைக் குத்தம் சொல்ல நமக்கு ஒரு பாத்தியதையும் இல்ல.

சரி. இப்ப நான் சொல்ல நெனச்சதைச் சொல்லிடறேன், உங்க கேள்விக்கு இது நேர் பதிலான்னு பாக்க வேண்டாம்.

புளியம்பட்டி சந்தைக்குப் போற வழில எங்க மாமா ஒருத்தர் சோடா கம்பெனி வெச்சிருந்தார். கம்பெனின்னா ஓடு போட்ட ஒத்தை ரூம், ஒரு கேஸ் சிலிண்டர், கையில சுத்தற மெஷின், சிமெண்ட் தொட்டி, மூலைல ஈரச் சாக்கு. பாட்டில்ல பாகும் தண்ணியும் ஊத்தி மெஷின்ல மாட்டி கேஸைத் தொறந்துவிட்டு கைப்புடியச் சுத்தோ சுத்துன்னு சுத்தணும், தலைகீழா வாறப்ப கோலி வாய்க்கு உருண்டு வந்து உள்ள இருக்கற கேஸே அதை ரப்பர் வளையத்துல அமுக்கிப் புடிச்சுக்கும். மூடி இல்ல, கார்க் இல்ல. 1872ல ஹைரம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்குன பாட்டில் அது. அவங்க ஊர்ல அது எப்பவோ வழக்கொழிஞ்சு போச்சு, ஜப்பான்ல ராமுனேன்னு ஒரு சோடாவுக்கும் நம்மூர்லயும்தான் தங்குச்சு. சில சமயம் பாட்டில் வெடிக்கும். மாமா கையில தழும்பு உண்டு, அதனால எங்களை மெஷினுக்குக் கிட்டவே விடமாட்டார். எங்க வேலை பாட்டில் கழுவறது, எண்ணறது. சாய்ங்காலம் சைக்கிள்ல மரப்பெட்டியக் கட்டிட்டுப் போனா எத்தனை நெறைஞ்ச பாட்டில் போச்சோ அத்தனை காலி பாட்டில் வரணும். ஒண்ணு கொறைஞ்சாலும் மறுநாள் மத்தியானம் வெயில்ல மறுபடியும் அந்தக் கடைக்கே மிதிச்சுட்டுப் போவார். சோடாவுல கெடைக்கற காசைவிட பாட்டில் வெலை எச்சு.

இதைத்தான் நல்லாக் கவனிக்கணும்னு சொல்றேன். பாட்டில் திரும்பி வரணும்னா சோடா எவ்வளவு தூரம் போக முடியும்? ஒரு மனுசன் சைக்கிள் மிதிச்சுட்டு இருட்டறதுக்குள்ள திரும்பி வர்ற தூரம், அவ்வளவுதான். அதனாலதான் காங்கயத்துக்கு ஒரு சோடா, அந்தியூருக்கு ஒரு சோடா, அவினாசிக்கு ஒரு சோடான்னு இருந்துச்சு. உப்புத் தண்ணி ஊர்ல சோடாவே ஒரு தினுசாக் கரிக்கும், நல்ல தண்ணி ஊர்ல வேற மாதிரி இருக்கும். ஒருத்தர் இஞ்சி தூக்கலாப் போடுவார், ஒருத்தர் எலுமிச்சைல உப்புப் போட்டுத் தருவார், ஒருத்தர் நன்னாரி வேரை அவரே காச்சுவார். நாலு நாள்ல குடிச்சு முடிச்சு பாட்டில் வீட்டுக்கு வந்துரும், அதனால மாசக்கணக்குல கெடாம வெக்கற கவலை அவருக்கு இல்ல. குடிச்சவன் மூஞ்சியக் கடையிலயே பாத்துடறார், இனிப்பு எச்சுன்னா நாளைக்கே கொறைச்சுருவார்.

பெரிய கம்பெனிகளுக்கும் அன்னைக்கு இதே கட்டுத்தான் அம்மிணி. 1977ல கோக் நாட்டை விட்டுப் போச்சு, 1993ல திரும்பி வந்துச்சு, நடுவுல கோல்டு ஸ்பாட்டும் லிம்காவும் தம்ஸ் அப்பும் ஓடுச்சு, எல்லாமே கண்ணாடி பாட்டில், எல்லாமே திரும்பிப் போகணும். வந்த கோக்கே அந்த மூணையும் வாங்கிருச்சு, கோல்டு ஸ்பாட்டை நிறுத்திட்டு ஃபாண்டாவ வெச்சுது. எல்லாரும் கோக் வந்துதான் நம்மூரு கலரு செத்துச்சுன்னு எழுதறாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பிளாஸ்டிக் பாட்டில் வந்துதான் செத்துச்சு. 1973ல டூபாண்ட் கம்பெனில வேலை பாத்த நாதனியேல் வைத்ங்கறவர் கேஸ் அழுத்தத்தைத் தாங்கற பெட் (PET)ங்கற பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்குனார், அது நம்ம கடைகளுக்கு வந்து சேந்த அன்னைக்கு சைக்கிள் தூரங்கற கணக்கே ஒடைஞ்சுது. பாட்டில் திரும்ப வேண்டியதில்லைன்னா எங்க வேணா செய்யலாம், எங்க வேணா விக்கலாம். எங்க வேணா விக்கணும்னா எல்லா ஊருக்கும் ஒரே ருசி இருக்கணும், அதுக்குத் தண்ணில இருக்கற உப்பையெல்லாம் எடுத்து ஊர் ருசிய மொதல்லயே கழட்டிடறாங்க, அப்புறம் மாசக்கணக்குல நிக்க ஆசிட்டு, பென்சோயேட்டு, அதை எல்லாம் மறைக்க இனிப்பு.

அந்த இனிப்பு எவ்வளவுன்னு தெரியுங்களா. 300 மில்லி கோலாவுல 30 கிராமுக்கு மேல அஸ்காச் சக்கரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு 2015ல சொல்லிருச்சு, ஒரே பாட்டில்ல அது தாண்டிருது. இவ்வளவு போட்டும் ஏன் திகட்டலைன்னா குளுரு. ஜில்லுன்னு இருந்தா நாக்குக்கு இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும், கேஸும் புளிப்பும் சேந்து இன்னும் அமுக்கிரும். அதே கோலாவ வெயில்ல ஒரு மணி நேரம் வெச்சுட்டுக் குடிச்சுப் பாருங்க, பாகாட்ட இருக்கும். மாமா சோடா ஈரச் சாக்குல இருந்து வரும், அந்தக் குளுச்சிக்கு அவ்வளவு அஸ்கா போட்டா ஒருத்தனும் ரெண்டாவது வாய் குடிக்க மாட்டான். ஃபிரிட்ஜ் வந்துதான் இவ்வளவு இனிப்பைக் குடிக்க வெச்சுது.

எனக்கு ரொம்ப வருத்தம் தெளுவு, அதான் பதநீர். காங்கயம், தாராபுரம், திருச்செங்கோட்டுப் பக்கம் பனை இருக்கற காட்டுல பொறந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மண்முட்டில சுண்ணாம்பு தடவி வெள்ளென எறக்கி, பனையோலைல மடிச்சு ஊத்திக் குடிச்சா, அந்த இனிப்புக்கு ஒரு வாசம் உண்டு, ஒரு துவர்ப்பு உண்டு, அடில லேசா சுண்ணாம்பு. பொழுது ஏறுனா அது வேற ஆயிரும். (கள்ளுப் பேச்சுக்கு நான் இப்ப வரல, அதுக்குத் தனியா எழுதணும்.) தென்னைல நீரா எறக்கறதுக்கு 2017ல அரசாங்கம் வழி பண்ணுனப்ப பொள்ளாச்சிப் பக்கம் எவ்வளவு நம்பிக்கையா இருந்தாங்க. பாளைல இருந்து சொட்டற நிமிசத்துல இருந்தே குளுருல வெச்சாத்தான் நீரா நீராவா இருக்கும், அப்ப மரத்துல இருந்து குடிக்கறவன் வரைக்கும் ஐஸ் பெட்டி வேணும். எந்த நேரமும் அதை டப்பால அடைச்சு தூரதேசத்துக்கு எப்படி அனுப்பறதுங்கற பேச்சுத்தான். பொள்ளாச்சில எறக்குனதை வெடியக்காலைல கோயமுத்தூர்ல வித்து முடிக்கறதுக்கு என்ன வழின்னு கேக்கறவங்க கொறைவு. கிட்டத்துலயே குடிச்சு முடிக்க வேண்டிய பொருளுக்கு தூரத்து யாவாரத்தை மாட்டிவிட்டா அது எப்படி நிக்கும்?

பெருந்துறைய எழுதியிருந்தீங்க. நல்ல காரியம், தண்ணிக்காக சனங்க நின்னாங்க, 2015 ஏப்ரல்ல சிப்காட் கோக் கம்பெனிக்குக் குடுத்த 71 ஏக்கர் ஒதுக்கீட்டை ரத்து பண்ணுச்சு. 2017ல ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் மார்ச் 1ல இருந்து கோக்கும் பெப்சியும் விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்களும் சொன்னாங்க. பொவன்டோ மாதிரி நம்ம கம்பெனிகளுக்கு ஒரு சீசன் நல்லா ஓடுச்சு, சந்தோசம். ஆனா அப்பவும் நாம மாத்துனது பாட்டில் மேல ஒட்டுன பேரைத்தான். கடைக்குள்ள பெரிய கம்பெனி குடுத்த ஃபிரிட்ஜ் அங்கயே நின்னுச்சு, அதுக்குள்ள அவங்க சரக்கு மட்டும்தான் வெக்கணும். இன்னைக்கு அதே ஃபிரிட்ஜ்ல எனர்ஜி டிரிங்க் நிக்குது. கொழந்தைகளுக்கு ஆகாதுன்னு அந்த டப்பாலயே போட்டிருக்கு, எழுத்து ரொம்பப் பொடுசு. டியூசன் முடிச்சு வர்றப்ப உங்க பையன் என்ன குடிக்கறான்னு கேட்டிருக்கீங்களா? டீச்சர் நீங்க, உங்க கிளாஸ்ல எத்தனை பசங்க அதைக் குடிச்சுட்டு வந்து உக்காந்திருக்காங்கன்னு விசாரிச்சிருக்கீங்களா? பன்னீர் சோடாவுக்கு வருத்தப்பட்டு எனக்கு எழுதறதுக்கு முன்னாடி அதைக் கேட்டிருக்கணும். கோவிச்சுக்காதீங்க, ஒறமொறையா நெனச்சுத்தான் சொல்றேன்.

ஜீரோ சுகர் வேண்டாம். அஸ்காவுக்குப் பதிலா வேறொண்ணு, இனிப்பு அதே ஒசரத்துல நிக்கும், நாக்கு எறங்கியே வராது. ஒடம்பு எடைய மட்டுப்படுத்த அதை நம்ப வேண்டாம்னு 2023ல உலக சுகாதார நிறுவனமும் சொல்லிருச்சு. கல்யாணத்துக்குப் பானகம் வெய்யுங்க. கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை உங்களுக்குப் பக்கம், பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்க இருந்துதான் போகுது, எலுமிச்சையும் சுக்கும் ஏலக்காயும் போட்டா முடிஞ்சுது. சுகர்காரங்களுக்கு நீர்மோர். வீட்ல ஒத்துக்கலைன்னா நீங்க ஒத்துக்க வெய்யுங்க, இதுக்கெல்லாம் எனக்கு எழுதணுமா.

பாட்டிலுக்கே வரேன், என்னால அதை விட முடியல. கண்ணாடி பாட்டிலைத் திருப்பி வாங்கறது இந்தக் காலத்துல நடக்காதுன்னு சொல்றவங்க கிட்ட நான் ரெண்டு ஊர் காட்டுவேன். ஸ்காட்லாந்துல 1901ல இருந்து அயர்ன் ப்ரூன்னு ஒரு ஆரஞ்சுக் கலர் சோடா இருக்குது, கோக்குக்கு அங்க சரியான போட்டி. அந்தக் கம்பெனி 2015 கடைசி வரைக்கும் காலி பாட்டிலுக்குக் காசு குடுத்துத் திருப்பி வாங்குச்சு. இன்னொண்ணு நம்ம நீலகிரி. ஒடைஞ்ச பாட்டில் யானை கால்ல ஏறுதுன்னு ஐகோர்ட்டு தலையிட்டு, 2022ல இருந்து டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூவா எச்சா வாங்கி, காலி பாட்டில் வந்தா அந்த 10 ரூவாய திருப்பித் தர்றாங்க, அப்புறம் கோயமுத்தூர் ஜில்லாவுக்கும் அது வந்துச்சு. சாராய பாட்டிலுக்கு அரசாங்கம் செய்யற வேலைய சோடா பாட்டிலுக்கு ஏன் செய்யக்கூடாது? இப்ப என்ன நடக்குதுன்னா 2025 செப்டம்பர்ல இருந்து இனிப்புப் போட்ட சோடா எல்லாத்துக்கும் 40 சதவீதம் ஜிஎஸ்டி, பாட்டிலைக் கழுவி மறுபடியும் ஊத்தறவருக்கும் அதே 40, பாட்டிலை ஆத்துல எறியவிட்டு லாரி லாரியா அனுப்பறவனுக்கும் அதே 40. சின்ன யாவாரிக்குன்னு இருக்கற காம்போசிஷன் திட்டத்துலயும் சோடாக்காரருக்கு எடமில்ல. கண்ணாடி பாட்டிலைத் திருப்பி எடுக்கறவங்களுக்குத் தனி வரி வேணும், இதை யாராவது ஜிஎஸ்டி கவுன்சில்ல பேசணும்.

ஒரு கேட்டுக்கறது. கொங்குல எந்த ஊர்ல இன்னும் கண்ணாடி கோலி பாட்டில்ல சோடா போட்டு காலி பாட்டிலை வாங்கிக்கறாங்கன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. ஊர், கடை இருக்கற எடம், என்ன ருசில போடறாங்கன்னு மூணும் போதும். பிளாஸ்டிக்ல கோலி போட்டு விக்கறவங்களை எழுத வேண்டாம். வர்ற ஊர்களை ஜில்லாவாரியா இங்கயே போடறேன், கோபி பக்கம் இருந்தா அம்மிணி நீங்களே மொதல்ல எழுதணும்.

அன்புடன்,
அண்ணன்