எரிச்சலுக்குப் போனால் ஈரலுக்கு ஊசியா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை லாரி ஓட்டுகிறேன். 1985-இல் பிறந்தவன், இரண்டு பிள்ளைகள். போன மாதம் வெளியூரில் ஒரு தப்பு நடந்துவிட்டது. சிறுநீர் எரிச்சல், சீழ். கிளினிக்கில் கொனோரியா என்ற பால்வினை நோய் என்று ஊசி போட்டார்கள். சரி. அப்புறம் ஹெப்பாடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி என்கிறார் டாக்டர். எனக்கு மஞ்சள் காமாலையே இல்லையே, காசு பிடுங்கும் வேலையா? (பெயர் வேண்டாம்)

பதில்: இல்லை தம்பி. டாக்டர் இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அது அவர் தப்பு, தடுப்பூசி சரியான ஊசிதான்.

ஹெப்பாடைட்டிஸ் பி ஈரலைத் தாக்கும் கிருமி. கொனோரியா வந்த வழியிலேயே இதுவும் வரும். ரத்தத்திலும் விந்திலும் இருக்கும். பலருக்குக் கண் மஞ்சளாகாது, ஒன்றுமே தெரியாது. சிலருக்கு வருடக்கணக்கில் ஈரலிலேயே தங்கி, கடைசியில் ஈரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம். நம் மலேசியாவில் பச்சைப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட ஆரம்பித்தது 1989-இல். நீங்கள் அதற்கு முந்திப் பிறந்தவர்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தபோது கண்ணாடி ஊசிதான். மண்ணெண்ணெய் அடுப்பில் தட்டோடு கொதிக்க வைப்போம். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்து ஆட்கள் வரிசையாய் நின்றுவிட்டால், கொதித்தது போதும் என்று எடுத்து அடுத்த கையில் குத்தியதும் உண்டு. ஊசியில் ஒட்டிய ரத்தத்தோடு யாருக்கு என்ன கிருமியைக் கொடுத்தேனோ!

ரத்தத்தில் கிருமி இருந்தால் ஊசியால் பயனில்லை, தொடர் சிகிச்சைதான். முன்பே வந்து போயிருந்தால் ஊசி தேவையில்லை. இரண்டும் இல்லையென்றால் போட்டே ஆக வேண்டும். ரத்தம் எடுக்கும் அன்றே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். போன மாதம்தான் தொற்றியிருந்தால் இப்போதைய சோதனையில் தெரியாமல் போகலாம், சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எச்ஐவி, சிபிலிசுக்கும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

மனைவியிடம் சொல்லத்தான் வேண்டும். கஷ்டம்தான், ஆனால் கொனோரியாவுக்கு அவரும் மருந்து எடுக்க வேண்டும், இந்தச் சோதனையும் செய்ய வேண்டும். அதுவரை ஆணுறை. ஒரே தட்டில் சாப்பிடுவதால் ஒட்டாது. சவர பிளேடை மட்டும் யாரோடும் பகிராதீர்கள். மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் குடிப்பது உங்கள் இஷ்டம், ஊசிக்கு அது ஈடில்லை.

மொத்தம் மூன்று ஊசி: இன்று, ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். மூன்றாவதுக்குத்தான் ஆள் காணாமல் போவார்கள். லாரி ரோட் டேக்ஸ் தேதி குறிக்கும் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.