வீட்டிலிருந்தே நிரல் எழுத விரும்பும் மகளுக்கு எந்தக் கணினி, என்னென்ன பழக்கங்கள்?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் பார்த்துவரும் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே சொந்தமாக நிரல் எழுதிச் சம்பாதிக்கப் போவதாக உங்கள் மகள் சொல்வதையும், அதற்கு ஒன்றரை லட்சம் ரூபாயில் மடிக்கணினி கேட்பதையும், ஊருக்கு வரும் நாள்களில் இரவு வெகுநேரம் கண்விழிப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். கணினி வாங்கிக் கொடுங்கள். ஆனால் முழுத் தொகையையும் கணினியிலேயே போட்டுவிட வேண்டாம். தனியாகத் தொழில் செய்பவரிடம் வாடிக்கையாளர் முதலில் எதிர்பார்ப்பது, சொன்ன நாளில் வேலை கைக்கு வந்துவிடும் என்ற உறுதியை. அந்த உறுதியைக் காப்பாற்றித் தருபவை சில சாதாரணப் பொருள்களும் சில அன்றாடப் பழக்கங்களுமே என்பதால், பணத்தையும் கவனத்தையும் அவற்றுக்கும் சேர்த்துப் பங்கிட வேண்டும்.

முதலில் கணினி. இணையச் செயலிகள் எழுதுபவருக்கு உலாவி, நிரல் எழுதும் செயலி, தரவுத்தளம் ஆகியவை ஒரே நேரத்தில் திறந்திருக்கும் என்பதால் 16 ஜிபி ரேம், அதாவது வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், தேவை. ஆண்ட்ராய்டு செயலிகளைக் கணினியிலேயே ஓட்டிச் சோதிப்பவர் என்றால் 32 ஜிபி இருப்பது நல்லது. சேமிப்புக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். விளையாட்டுக்கென்று விற்கப்படும் மடிக்கணினிகளில் விலையை ஏற்றுவது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டுகளை உருவாக்குபவருக்கோ, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தன் கணினியிலேயே பயிற்றுவிப்பவருக்கோதான் அது பயன்படும். ஐபோன் செயலிகள் எழுதப் போகிறார் என்றால் மட்டும் கதை வேறு: அதற்கான எக்ஸ்கோடு என்னும் மென்பொருள் ஆப்பிளின் மேக் கணினியில்தான் ஓடும், ஆகவே அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. மற்றபடி, என் மதிப்பில், அவர் கேட்கும் தொகையில் பாதி, கூடிப்போனால் மூன்றில் இரண்டு பங்கு கணினிக்குப் போதும். மீதியில் 24 அங்குலத் திரை ஒன்றும், தனி விசைப்பலகையும், முதுகைத் தாங்கும் நாற்காலியும் வாங்கலாம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருந்தால் கழுத்து வலி குறையும். மடிக்கணினியை மட்டும் வைத்துக்கொண்டு குனிந்தே வேலை பார்ப்பவர்கள் முப்பது வயதுக்குள் வலி மாத்திரை தேடுவதை நான் பார்த்து வருகிறேன்.

காசு கொடுக்காத விண்டோஸ் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். உரிமம் இல்லாத மென்பொருளைத் திறக்க உதவும் 'கிராக்' நிரல்களோடு கடவுச்சொல்லைத் திருடும் நிரல்களும் உள்ளே வரும். அந்தக் கணினியில் வாடிக்கையாளரின் வழங்கிக்குள் (இணையதளத்தை ஓட்டும் சர்வர் கணினிக்குள்) நுழையும் சாவிகளும் இருக்கும். விண்டோஸ் வேண்டுமானால் உரிமத்தோடு வாங்கட்டும். இல்லையென்றால், விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் லினக்ஸ் இருக்கிறது. அதன் ஒரு வகையான உபுண்டு 2004-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. உலகத்து இணைய வழங்கிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுவதால், அதில் பழகுவதே அவருடைய தொழிலுக்கு ஒரு பயிற்சி.

அடுத்து மின்சாரம். சென்னை அலுவலகத்தில் ஜெனரேட்டரின் தயவில் தெரியாமல் போன ஒன்று வீட்டில் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால், பிற்பகல் வரையோ மாலை வரையோ வராது. மடிக்கணினியில் மின்கலம் இருக்கிறது, ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் சுவரில் தொங்கும் ஃபைபர் மோடம் அந்த நொடியே அணைந்துவிடும். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய முகம் அப்படியே உறைந்து நிற்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மோடம் செருகியிருக்கும் பிளக் அந்த இணைப்பில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே இணைப்புக் கொடுத்திருப்பார்கள். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்ற நிலை இருந்தால் அதில் வையுங்கள். மாறும் நேரம் மிகக் குறைவு என்பதால் கருவிகள் அணைந்து எழாது. இன்வெர்ட்டர் இல்லாவிட்டால், மோடத்துக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று சில மணி நேரம் காப்பாற்றும். ஃபைபர் ஒரு நிறுவனத்தினுடையது என்றால், கைப்பேசி சிம் வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். சாலை தோண்டும்போது கேபிள் அறுந்தாலும் அன்றைய வேலை நிற்காது.

எழுதிய நிரலைத் தொலைக்காமல் காப்பது இதைவிடப் பெரிய பொறுப்பு. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்துவைக்கும் கிட் என்னும் கருவியை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கினார். லினக்ஸை உலகெங்கும் இருந்து எழுதுபவர்களின் மாற்றங்களைத் தொகுக்கவே அது பிறந்தது. ஒவ்வொரு நாளும் வேலையை முடித்து நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் அன்றைய மாற்றங்களைத் தொலைவில் உள்ள களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுவது உங்கள் மகளுக்கு அலுவலகத்திலேயே பழகியிருக்கும். ஆனால் ஒப்பந்தங்கள், பில்கள், வாடிக்கையாளர் அனுப்பிய படங்கள் ஆகியவை கிட்டுக்குள் இருக்காது. இவற்றுக்குத் தொழிலில் உள்ளவர்கள் பின்பற்றும் கணக்கு எளியது: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தவுடன் அதைக் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல் கணினிக்குள் புகும் நாளில் அந்தப் பிரதியையும் சேர்த்தே பூட்டிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்தும் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லோடு கைப்பேசி வழியாகவும் உறுதிசெய்யக் கேட்கும் இருபடிச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகளை அவர் காகிதத்தில் எழுதி உங்களிடம் கொடுக்கட்டும். வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் அவருடைய கணக்குகளைத் திறக்கும் வழி அந்தத் தாளாகத்தான் இருக்கும்.

இப்போது உங்களை மிகவும் வாட்டும் இரவு விழிப்புக்கு வருகிறேன். அமெரிக்காவின் நியூயார்க்கில் காலை 9 மணி என்பது அவர்களுடைய கோடைக்காலத்தில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. ஜெர்மனியின் காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 12.30 அல்லது 1.30. எனவே அமெரிக்க வாடிக்கையாளரோடு பேச இரவு 10 மணி வரை விழித்திருப்பது தொழிலின் நியாயமான தேவை. அதற்கு மேல் நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்பது பெரும்பாலும் பகல் ஒழுங்கில்லாமல் போனதன் விளைவு. வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது என்பதைத் தயங்காமல் சொல்கிறேன். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று சிலிண்டர் வாங்கவும், வங்கிக்குப் போகவும், வந்த உறவினரோடு உட்கார்ந்து பேசவும் அழைப்பது நம் வீடுகளில் இயல்பு. நிரல் எழுதுபவர் பத்துப் பதினைந்து விஷயங்களை ஒன்றோடொன்று கோத்து மனத்தில் வைத்திருப்பார். பெரிய புள்ளிக் கோலத்தைப் பாதி இழுத்திருப்பவரை இடையில் கூப்பிடுவதற்கு இது ஒப்பாகும், திரும்பி வந்து எந்தப் புள்ளியில் விட்டோம் என்று தேடவே நேரம் போய்விடும். காலையில் மூன்று மணி நேரம் கதவு சாத்தியிருக்கட்டும். அந்த நேரத்தில் உறவினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால், எந்த விலையுயர்ந்த கணினியும் தர முடியாத உதவியை அவருக்குச் செய்தவர் ஆவீர்கள்.

நெடுநாளாக இத்தொழிலில் நிலைத்திருக்கும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் நாள் முடிவில் எழுதிவைக்கும் குறிப்பைப் பார்த்திருக்கிறேன். தேதியைத் தலைப்பாகக் கொண்ட வெறும் எழுத்துக் கோப்பு அது. "கட்டணப் பக்கப் பிழை, 2 மணி. தேதி வடிவம் சரியானது. சோதனை இன்னும் எழுதவில்லை, நாளை முதல் வேலை." இவ்வளவுதான். மறுநாள் காலை எங்கே தொடங்குவது என்ற குழப்பம் அவருக்கு இருப்பதில்லை. மாதக் கடைசியில் பில் போடும்போது எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கும் கையில் இருக்கும். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் பணம் கேட்கத்தக்க வேலை ஐந்து மணி நேரம் தேறுவதே நல்ல நாள். மின்னஞ்சல், விலை மதிப்பீடு, புதிதாகக் கற்பது ஆகியவை மீதியை எடுத்துக்கொள்ளும். கூலியை நிர்ணயிக்கும்போதே இதை அவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

பண விஷயத்தில் சுருக்கமாகச் சில. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது அது எதற்காக வந்தது என்ற நோக்கக் குறியீட்டைச் சரியாகக் கொடுத்து, வங்கி தரும் சான்றைச் சேமிக்க வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அதற்கு முன்பே ஒரு பட்டயக் கணக்காளரைப் பார்த்துவிடுவது நல்லது. அலுவலகத்தோடு குழு மருத்துவக் காப்பீடும் போய்விடும் என்பதால் தனிக் காப்பீட்டை வேலையை விடும் முன்பே எடுக்கட்டும்.

ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன், ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா, முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார் என்று யோசித்திருக்கிறாரா, இப்போதைய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வெளிவேலைக்கு என்ன தடை இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். நிறுவனத்தின் கணினியையும் அதில் எழுதிய நிரலையும் முழுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அங்கே எழுதியது அவர்களுக்கே சொந்தம். இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தபின் இருவருமாகக் கடைக்குப் போங்கள். ரேமைப் பிறகு கூட்ட இடம் இருக்கிறதா, பழுதானால் கும்பகோணத்துக்கே வந்து சரிசெய்வார்களா என்ற இரண்டையும் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். அவர் கல்லூரியில் பயன்படுத்திய பழைய மடிக்கணினி இருந்தால் விற்றுவிடாதீர்கள்; அதிலும் லினக்ஸை நிறுவி வைத்தால், புதியது பழுதாகும் நாளில் வேலையைத் தொடர அதுவே போதும்.